மெல்ல விரியும் நாவலும் பிரியும் வாசகர்களும்: 'மாய மலை'யை முன்வைத்து வாசிப்புக் குழுக்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மெல்ல விரியும் நாவல் ஒன்றை எடுத்துக்கொள்ளும் வாசிப்புக் குழு பெரும்பாலும் முதல் கூடுகையிலேயே இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. "இருநூறு பக்கம் தாண்டியும் ஒன்றும் நடக்கவில்லை, ஒரே இழுவை" என்று ஒரு தரப்பு சொல்லும்; "அந்த ஒன்றும் நடக்காததைத்தான் அவர் எழுதியிருக்கிறார், உங்களுக்குத்தான் பொறுமை இல்லை" என்று மறுதரப்பு பதில் சொல்லும். இவ்விரு வாக்கியங்களும் பேசப்பட்டுவிட்டால் அதன்பின் பேசுவதற்கு அதிகம் மிஞ்சுவதில்லை. முதல் வாக்கியம் எந்தப் பக்கத்தில் சலிப்புத் தட்டியது என்பதைச் சொல்வதில்லை. இரண்டாவது வாக்கியம் நாவலை விட்டுவிட்டு எதிரே அமர்ந்திருப்பவரின் குணத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறது.

மெதுவான நடை என்பது முழுப் புத்தகத்துக்கும் ஒரே சீராக அமைந்த தன்மை அன்று என்பதே இந்த வழிகாட்டியின் அடிப்படை. ஒவ்வோர் இடத்திலும் அது வெவ்வேறு காரணத்தால் மெதுவாகிறது, வெவ்வேறு வேலையைச் செய்கிறது, சில இடங்களில் எந்த வேலையையும் செய்யாமலும் போகிறது. ஆகவே "நாவல் நன்றாக இருக்கிறதா" என்ற கேள்வியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, "எந்த இடத்தில் உங்கள் வாசிப்பு நின்றது, எந்த இடத்தில் மீண்டும் ஓடியது" என்று கேட்கும் குழுவில், மாறுபட்ட எதிர்வினைகள் அந்த நாவலைப் பற்றிய சாட்சியங்களாக மாறுகின்றன. அப்படிக் கேட்பதற்கான முறையைப் படிப்படியாகக் கீழே விளக்குகிறேன்.

எடுத்துக்காட்டு நாவல்

இத்தகைய விஷயங்களைப் பொதுவாகப் பேசினால் எல்லாமே சரியாகத் தோன்றும் என்பதால், ஒரே ஒரு நாவலைத் தொடர்ந்து எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். ஜெர்மன் எழுத்தாளர் தாமஸ் மன் 1924 நவம்பரில் இரண்டு தொகுதிகளாக வெளியிட்ட, தமிழில் 'மாய மலை' என்று குறிப்பிடத்தக்க அந்த நாவல், வெளிவந்த நாள்முதல் வாசகர்களைப் பிரித்தே வந்திருக்கிறது. 1912இல் மன்னின் மனைவி காத்யா சுவிட்சர்லாந்தின் டாவோஸ் மலையூரில் நுரையீரல் நோயாளிகளுக்கான சானடோரியம் ஒன்றில் தங்கியிருந்தார். அவரைப் பார்க்கச் சென்று மூன்று வாரம் தங்கிய மன்னுக்கும் சளி பிடித்தபோது, அவரைப் பரிசோதித்த மருத்துவர் அங்கேயே தங்கிச் சிகிச்சை பெறுமாறு சொன்னார். மன் ஊர் திரும்பிவிட்டார். 1913இல் இந்த அனுபவத்தை ஒரு சிறிய நகைச்சுவைக் குறுநாவலாக எழுதத் தொடங்கியவர், உலகப் போரால் இடையில் நிறுத்தி, 1919இல் மீண்டும் எடுத்து, எழுநூறு பக்கங்களைத் தாண்டும் நாவலாக முடித்தார்.

கதையின் எலும்புக்கூடு எளியது. ஹாம்பர்க் நகரத்து இளம் பொறியாளன் ஹான்ஸ் காஸ்டோர்ப், பெர்க்ஹோஃப் என்னும் மலைச் சானடோரியத்தில் சிகிச்சை பெறும் தன் ஒன்றுவிட்ட சகோதரன் யோவாகிமைப் பார்க்க மூன்று வாரப் பயணமாகச் செல்கிறான். ஏழு ஆண்டுகள் அங்கேயே தங்கிவிடுகிறான். இதற்கு மேல் முடிச்சுகளை அவிழ்க்காமலேயே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

முதல் படி: அனைவரும் ஒரே பதிப்பை வைத்துக்கொள்ளுதல்

இதைச் சிறு விஷயமாக நினைத்துக் கடந்துவிடும் குழுக்கள் பின்னால் அவதிப்படுகின்றன. 'மாய மலை'க்கு ஆங்கிலத்தில் பரவலாக வாசிக்கப்படும் இரண்டு மொழிபெயர்ப்புகள் உள்ளன: ஹெலன் லோ-போர்ட்டருடையது 1927இலும் ஜான் வுட்ஸுடையது 1995இலும் வெளிவந்தன. நாவலின் நடுப்பகுதியில் காஸ்டோர்ப்பும் அவன் மனத்தைக் கவர்ந்த ரஷ்யப் பெண் க்ளாவ்டியா ஷோஷாவும் பேசும் நீண்ட உரையாடல் மூலத்தில் பெரும்பகுதி பிரெஞ்சில் இருக்கிறது. பழைய மொழிபெயர்ப்பு அதைப் பிரெஞ்சிலேயே விட்டுவைக்க, புதியது ஆங்கிலமாக்கித் தருகிறது. முதலாவதை வைத்திருப்பவர் அந்தப் பக்கங்களில் தடுமாறி நிற்பதற்கும் இரண்டாவதை வைத்திருப்பவர் நாவலின் உச்சமே அதுதான் என்று சொல்வதற்கும் இடையிலான வேறுபாடு ரசனை வேறுபாடே அன்று. இத்தகைய போலிக் கருத்து வேறுபாடுகளை முன்கூட்டியே களைந்துவிட்டால்தான் உண்மையான வேறுபாடுகள் கண்ணுக்குத் தெரியும். பக்க எண்களும் அப்போதுதான் பொருந்தும். இனி வரும் படிகள் எல்லாம் பக்க எண்களை நம்பியே நிற்கின்றன.

இரண்டாம் படி: கதையின் காலத்துக்கும் பக்கங்களுக்கும் வரைபடம் போடுதல்

ஒருங்கிணைப்பாளர் முதல் கூடுகைக்கு முன்பே ஒரு தாளில் இரண்டு பத்திகள் வரைய வேண்டும். ஒன்றில் அத்தியாயங்கள், மற்றொன்றில் அந்த அத்தியாயத்தில் கதைக்குள் கழியும் காலம். 'மாய மலை'யில் ஏழு அத்தியாயங்கள் உள்ளன. முதல் அத்தியாயம் காஸ்டோர்ப் வந்து சேரும் மாலை. இரண்டாவது அவனுடைய இளமைக்காலத்துக்குப் பின்னோக்கிச் செல்கிறது. மூன்றாம் அத்தியாயம் முழுவதும் மலைமேல் அவன் கழிக்கும் முதல் முழுநாள் ஒன்று மட்டுமே. நான்காவது, அவன் திட்டமிட்டு வந்திருந்த மூன்று வாரங்களைச் சொல்லி முடிக்கிறது. ஐந்தாவது முடியும்போது நாம் ஏறக்குறையப் புத்தகத்தின் பாதியில் இருக்கிறோம். கதைக்குள் கழிந்திருப்பதோ ஏழு மாதங்கள். மீதி ஆறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலம் கடைசி இரண்டு அத்தியாயங்களுக்குள் அடங்கிவிடுகிறது.

இந்த வரைபடத்தைப் பார்த்தவுடனேயே குழுவில் ஒரு மாற்றம் நிகழும். நாவல் முழுவதும் மெதுவாக நகர்கிறது என்று உறுதியாகச் சொன்னவர்கள், உண்மையில் அது போகப் போகக் கதைக்காலத்தில் வேகமெடுக்கிறது என்பதைக் காண்பார்கள். புதிய இடத்துக்கு வந்தவனுக்கு முதல் நாள் நீண்டும், பழகிய பின் மாதங்கள் கணக்கில்லாமலும் கழிகின்றன என்பதே நாவலின் பொருள். பக்கங்களின் பங்கீடே அதை வாசகரின் உடம்பில் நிகழ்த்திக் காட்டுகிறது. இதைக் கதைசொல்லி மறைத்துச் செய்யவுமில்லை. முன்னுரையிலேயே, இந்தக் கதையை விரிவாகவும் நுணுக்கமாகவும் சொல்லப்போவதாகவும், ஏழு நாளில் அது முடியாது என்றும் அவர் எச்சரித்துவிடுகிறார். முன்னுரையைத் தாண்டிச் செல்லும் பழக்கமுள்ளவர்கள் இந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடாமலேயே உள்ளே நுழைந்துவிடுகிறார்கள். பிற்பாடு எழும் மனத்தாங்கல்களில் பல இங்கிருந்தே கிளம்புகின்றன. ஆகவே அந்த முன்னுரையை முதல் கூடுகையில் உரக்க வாசித்துவிடுவது நல்லது.

மூன்றாம் படி: வாசிப்பைப் பகுத்துக்கொள்ளுதல்

நாவலே காட்டும் இடங்களில்தான் பகுக்க வேண்டும். 'மாய மலை'யை முதல் நான்கு அத்தியாயங்கள், ஐந்தாவது, ஆறாவது, ஏழாவது என நான்காகப் பிரித்தால் பகுதிகள் ஏறக்குறைய ஒரே அளவில் அமைகின்றன; நான்காம் அத்தியாயத்தின் இறுதியில் காஸ்டோர்ப்பின் உடல்வெப்பம் அளக்கப்பட்டு, அவன் விருந்தாளி என்னும் நிலையிலிருந்து நோயாளி என்னும் நிலைக்கு மாறுவதால் முதல் பகுதிக்குத் தெளிவான ஒரு முடிவும் கிடைக்கிறது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை கூடினால் ஒரு நாளைக்குப் பத்துப் பக்கத்துக்கும் குறைவாகவே வாசிக்க வேண்டியிருக்கும். விடுமுறையில் மொத்தமாக முடித்துவிடலாம் என்று திட்டமிடுபவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றே: திரும்பத் திரும்ப வருவதை வேலையாகக் கொண்ட நாவலை மூன்று நாளில் வாசித்தால் அந்தத் திரும்பல் சுமையாக மட்டுமே தெரியும்.

நான்காம் படி: சலிப்பைப் பெயரிட்டுக் குறித்தல்

இந்த வழிகாட்டியில் மற்ற எல்லாப் படிகளையும்விட இதற்கே அதிக இடம் தருகிறேன், ஏனென்றால் குழுக்கள் தோற்பதும் வெல்வதும் இங்கேதான். ஒவ்வொருவரும் வாசிக்கும்போது, கவனம் நழுவிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடும், கவனம் திரும்பிய இடத்தில் ஒரு வட்டமும் போட வேண்டும். கருத்து எதுவும் எழுத வேண்டாம். பகுதி முடிந்த பிறகு கோடுகளுக்குத் திரும்பிச் சென்று, அங்கே நிகழ்ந்தது என்ன வகைச் சலிப்பு என்று ஒரு சொல்லில் எழுத வேண்டும். நான் கண்டவரை அவை சில வகைகளுக்குள் அடங்குகின்றன.

முதல் வகை, அறியாமையால் வருவது. காஸ்டோர்ப்பின் மனத்துக்காகப் போட்டியிடும் இருவரில் செட்டெம்ப்ரினி இத்தாலிய மனிதநேயர், பகுத்தறிவையும் முன்னேற்றத்தையும் நம்புபவர். நாஃப்தா யூதராகப் பிறந்து ஏசு சபையில் சேர்ந்தவர், இடைக்காலத் திருச்சபையின் ஒழுங்கையும் புரட்சியின் வன்முறையையும் ஒருசேர விரும்புபவர். போருக்கு முந்தைய ஐரோப்பாவின் அரசியல் தெரியாத வாசகருக்கு ஆறாம் அத்தியாயத்தில் இவ்விருவரும் மோதிக்கொள்ளும் பக்கங்கள் வெறும் சொற்பெருக்காகத் தெரிவதில் வியப்பில்லை. இந்த வகைச் சலிப்புக்கு மருந்து உண்டு: குழுவில் வரலாறு அறிந்த ஒருவர் கூடுகைக்கு முன்பே இரண்டு பக்கக் குறிப்பு ஒன்றைத் தயாரித்து அனுப்பினால் போதும்.

இரண்டாம் வகை, திரும்ப வருதலால் வருவது. சானடோரியத்தில் ஒரு நாளைக்கு ஐந்து வேளை உணவு. உணவுக்கு இடையே மாடத்தில் போர்வைகளைச் சுற்றிக்கொண்டு படுத்திருத்தல். ஏழு நிமிடம் வாயில் வெப்பமானி. உணவுக்கூடத்தில் ஏழு மேசைகள், காஸ்டோர்ப்பின் அறை எண் 34, அதன் இலக்கங்களைக் கூட்டினாலும் ஏழு. முதல் முழுநாளில் காலை உணவின்போது கண்ணாடிக் கதவு ஒன்று படாரென்று அறைந்து சாத்தப்படுகிறது; ஒழுங்குக்குப் பழகிய காஸ்டோர்ப்புக்கு அது தாங்க முடியாத எரிச்சலைத் தருகிறது. அடுத்த வேளையும் அதே சத்தம். யார் சாத்துவது என்று அறிய அவன் திரும்பிப் பார்க்கிறான்; அது க்ளாவ்டியா என்று தெரிகிறது; பிறகு அந்தச் சத்தத்துக்காகக் காத்திருக்கத் தொடங்குகிறான். எரிச்சல் எந்த வேளையில் எதிர்பார்ப்பாக மாறியது என்று நாவல் சொல்வதில்லை. வாசகரும் அதை ஒரே காட்சியில் சுட்டிக்காட்ட முடியாது. ஐந்து வேளை உணவையும் பொறுமையாக எழுதாமல் ஆசிரியர் இதைச் செய்திருக்கவே முடியாது என்பது என் உறுதியான கருத்து. இந்த வகைச் சலிப்பைக் குறித்தவர்களிடம், அதே பொருள் அடுத்து எங்கே வந்தது, அப்போது அதன் நிறம் மாறியிருந்ததா என்று கேளுங்கள். மாறவில்லை என்று அவர்கள் காட்டக்கூடிய இடங்களும் நிச்சயம் இருக்கும். அவை நாவலுக்கு எதிரான செல்லுபடியாகும் சாட்சியங்கள்.

மூன்றாம் வகை, கதைமாந்தன் ஒட்டாமல் போவதால் வருவது. "இவன்மேல் எனக்கு அக்கறையே வரவில்லை" என்னும் புகார் எந்த மெதுவான நாவலுக்கும் ஆபத்தானது, ஏனென்றால் நிகழ்ச்சிகள் இழுத்துச் செல்லாத இடத்தில் மாந்தர்மேல் உள்ள பற்றுதான் வாசகரைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். காஸ்டோர்ப்போ சாதாரணமானவன் என்று கதைசொல்லியே அறிமுகம் செய்து வைக்கிறார். அவனுடைய வெறுமை வேண்டுமென்றே விடப்பட்டது, மற்றவர்கள் தம் கருத்துகளை ஊற்றுவதற்கான இடம் அது, என்று விமர்சகர்கள் விளக்குவதுண்டு. அந்த விளக்கம் சரியானதே. ஆனால் விளக்கத்தைக் கேட்டபின் அக்கறை பிறந்துவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. இந்த இடத்தில் வாதாடி வெல்ல முயலும் ஒருங்கிணைப்பாளர்கள் நல்ல வாசகர்களை இழந்துவிடுகிறார்கள்.

நான்காம் வகை, புத்தகத்தில் உண்மையாகவே உள்ள தொய்வு. இதை ஒப்புக்கொள்ளத் தயங்கக் கூடாது. உடற்கூறும் உயிரின் தோற்றமும் பற்றிக் காஸ்டோர்ப் மாடத்தில் படுத்தபடி வாசித்தறியும் பக்கங்கள் ஐந்தாம் அத்தியாயத்தில் நீள்கின்றன. அவற்றின் நோக்கம் புரிந்த பிறகும் அவற்றில் ஒரு பங்கு இல்லாமலே நோக்கம் நிறைவேறியிருக்கும் என்றே நான் கருதுகிறேன். இந்த நாவலை உயிருக்குயிராக நேசிப்பவர்களில் பலர் இதை மறுப்பார்கள். ஒரு மாபெரும் நாவலின் ரசிகர்கள் அதன் எல்லாப் பக்கங்களையும் காக்க வேண்டியதில்லை என்று குழுவில் ஒருவர் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால், எதிர்த் தரப்பிலிருந்தும் பாராட்டுகள் தயக்கமின்றி வரத் தொடங்கும்.

ஐந்தாம் படி: கூடுகையில் பேசும் வரிசையை அமைத்தல்

நாவலை மிகவும் விரும்பியவர் முதலில் பேசினால், பாதியில் நிறுத்தியவர்கள் வாயைத் திறக்கமாட்டார்கள். ஆகவே முதலில் நிறுத்தியவர்களுக்கே முதல் பேச்சு. அவர்கள் எந்தப் பக்கத்தில் நிறுத்தினார்கள், அதற்கு முந்தைய கோடுகள் எங்கே, அவை எந்த வகை என்று மட்டும் சொல்ல வேண்டும். அடுத்து, அதே பக்கங்களில் வட்டம் போட்டவர் யாராவது இருந்தால் அவர் பேச வேண்டும். ஒரே பக்கத்தில் ஒருவர் கோடும் இன்னொருவர் வட்டமும் போட்டிருக்கும் இடங்களை ஒருங்கிணைப்பாளர் பலகையில் எழுதிக்கொள்ள வேண்டும். கூடுகையின் மீதிப் பொழுது முழுவதும் அந்த இடங்களுக்கே உரியது. அந்தப் பக்கங்களைத் திறந்து, வாசித்து, வாக்கியம் வாக்கியமாகப் பேச வேண்டும். நாவலைப் பற்றிய ஒட்டுமொத்தத் தீர்ப்புகளைக் கடைசிக் கூடுகை வரை ஒத்திவைக்கும்படி கேட்டுக்கொள்ளலாம்.

நம் வாசகர்களின் வேக எதிர்பார்ப்பு எங்கே உருவானது என்பதையும் இங்கே பேசுவது பயன் தரும். தமிழில் நாவல் வாசிப்பைப் பரவலாக்கியது வார இதழ்த் தொடர்கதை. 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் வாரந்தோறும் வந்து வாசகர்களைக் காத்திருக்க வைத்தது. ஒவ்வோர் அத்தியாயமும் ஒரு கேள்வியோடு முடிய வேண்டும் என்று அந்த வாசிப்பு பழக்கியிருக்கிறது. அதில் வளர்ந்தவர், அத்தியாயம் ஒரு படுக்கை ஓய்வோடு முடிவதைக் கண்டு ஏமாறுவது இயல்பு. குறை சொல்ல இதில் ஏதுமில்லை.

ஆறாம் படி: வாசகர் எங்கிருந்து வாசிக்கிறார் என்பதைக் கேட்டறிதல்

'மாய மலை'யின் முதல் வாசகர்களின் வரலாறே இந்தப் படியின் அவசியத்தைக் காட்டுகிறது. ஏழாம் அத்தியாயத்தில் வரும் பேப்பர்கோர்ன், ஜாவாவிலிருந்து வந்த டச்சுக்காரர். எந்த வாக்கியத்தையும் முடிக்காமலேயே தன் ஆளுமையால் எல்லோரையும் கட்டிப்போடுபவர். 1912ஆம் ஆண்டின் நோபல் பரிசு பெற்ற நாடகாசிரியர் கெர்ஹார்ட் ஹாப்ட்மன் அந்தப் பாத்திரத்தில் தன்னைக் கண்டுகொண்டு மனம் புண்பட்டு, இருவருக்கும் பொதுவான பதிப்பாளர் ஃபிஷரிடம் முறையிட்டார். 1925இல் மன் அவருக்கு வருத்தம் தெரிவித்துக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. நாஃப்தாவின் தோற்றத்துக்கு முன்மாதிரியாகப் பரவலாகக் கருதப்படுபவர் ஹங்கேரியத் தத்துவவாதி கியார்க் லூகாச். அவரோ மன்னின் எழுத்தை வாழ்நாள் முழுவதும் போற்றியே எழுதினார். ஒரே நாவலுக்கு முன்மாதிரியான இருவர், முற்றிலும் எதிரான இரு எதிர்வினைகள்.

மருத்துவர்களில் ஒரு பகுதியினர் அதைச் சானடோரியங்களின் மீதான தாக்குதலாக வாசித்தார்கள். பணத்துக்காக நோயாளிகளை நிறுத்திவைக்கும் இடமாகத் தங்கள் தொழில் காட்டப்பட்டதாக எழுந்த கோபத்துக்கு மன் 1925இல் மருத்துவ வார இதழ் ஒன்றில் திறந்த மடல் எழுதிப் பதில் சொன்னார். டாவோஸ் ஊராருக்கும் மனக்குறை இருந்தது. 1929இல் மன்னுக்கு நோபல் பரிசு வழங்கியபோது ஸ்வீடிஷ் அகாதெமி தன் சான்றுரையில் முதன்மையாகக் குறிப்பிட்டது, 1901இல் வந்த அவருடைய முதல் நாவல் 'புடன்புரூக்ஸ்'ஐத்தான். ஐந்து ஆண்டுகளே ஆகியிருந்த 'மாய மலை' அதில் இடம்பெறவில்லை. இவர்கள் யாரும் அசட்டு வாசகர்கள் அல்லர். ஒவ்வொருவரும் தாம் நின்ற இடத்திலிருந்து தெரிந்ததை வாசித்தார்கள்.

உங்கள் குழுவிலும் இதே கேள்வியைக் கேளுங்கள்: நீண்ட நாள் மருத்துவமனையில் இருந்தவர் உண்டா, நோயாளியைப் பல மாதம் கவனித்துக்கொண்டவர் உண்டா, செவிலியர் பணியில் இருந்தவர் உண்டா? அத்தகைய ஒருவர் வெப்பமானிக் காட்சிகளில் ஒரு கோடுகூடப் போடாமல் இருக்கலாம். அல்லது அவற்றை வாசிக்கவே முடியாமல் மூடி வைத்திருக்கலாம். இரண்டையும் குழு மதிப்போடு கேட்டுக்கொள்ள வேண்டும். சொல்ல விருப்பமில்லாதவரைச் சொல்லும்படி வற்புறுத்தக் கூடாது.

சென்னை வாசகர்களுக்கு இந்த நாவலுக்குள் நுழைய ஒரு தனி வாசல் இருக்கிறது என்று நான் எப்போதும் சொல்வதுண்டு. தாம்பரம் சானடோரியம் என்பது இன்று பலருக்கு ஒரு மின்சார ரயில் நிறுத்தத்தின் பெயர் மட்டுமே. 1928இல் மருத்துவர் சௌரி முத்து அங்கே காசநோய்ச் சானடோரியத்தை நிறுவியபோது, சுத்தமான காற்று, ஓய்வு, சத்தான உணவு ஆகியவையே சிகிச்சையின் பெரும்பகுதி. காசநோய்க் கிருமியை ராபர்ட் காக் 1882இலேயே கண்டறிந்துவிட்டார். ஆனால் அதைக் கொல்லும் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் 1940களில்தான் வந்தது. இடைப்பட்ட அறுபது ஆண்டுகள் முழுவதும் நோயாளிக்கும் மருத்துவருக்கும் காத்திருப்பதைத் தவிரப் பெரிதாக வேறு வழி இருக்கவில்லை. சானடோரியத்தின் காலத்தை முடித்துவைத்ததில் சென்னைக்கே முக்கியப் பங்குண்டு: 1956இல் இங்கே தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு மையம், வீட்டில் இருந்தபடி மருந்து உட்கொள்ளும் நோயாளிகளும் சானடோரியத்தில் தங்கியவர்களுக்கு ஏறக்குறைய இணையாகக் குணமடைவதை ஒப்பிட்டுக் காட்டி, 1959இல் முடிவுகளை வெளியிட்டது. உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சை சானடோரியத்திலிருந்து வீட்டுக்கு மாற அது வழிவகுத்தது.

இதை அறியாமல் வாசிப்பவர், இலேசான காய்ச்சலுக்காக ஒருவன் ஏழு ஆண்டு மலைமேல் தங்குவதை நம்ப முடியாத கற்பனையாகவும், ஆசிரியர் கதையை இழுப்பதற்காகச் செய்த ஏற்பாடாகவும் கருதுவார். அறிந்து வாசிப்பவருக்கு, அந்த மெதுவான காலம் அன்றைய மருத்துவத்தின் உண்மையான காலம் என்பது விளங்கும். காஸ்டோர்ப்புக்கு உண்மையில் நோய் இருந்ததா, அல்லது அந்தக் காலத்துக்குள் தங்கிவிட அவன் விரும்பினானா என்னும் நாவலின் ஆழமான கேள்வியும் அப்போதுதான் கூர்மை பெறும்.

ஏழாம் படி: முடிக்காதவர்களுக்கு உரிய இடத்தைத் தருதல்

முடிக்காமல் விட்டவரைக் குழுவில் குற்றவாளியாக நிறுத்தும் வழக்கம் இலக்கியத்துக்குக் கேடு செய்கிறது. இந்த விஷயத்தில் ஆசிரியரே நமக்குத் துணை நிற்கிறார். 1939இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர்களுக்கு இந்த நாவலைப் பற்றி உரையாற்றிய மன், நாவலை இரண்டு முறை வாசிக்கும்படி கேட்டுக்கொண்டார். முதல் முறையே சலித்துப்போனவர்களுக்கு அந்த வேண்டுகோள் பொருந்தாது என்றும், கலையை விருப்பமின்றிக் கடமையாக அணுகக் கூடாது என்றும் சேர்த்தே சொன்னார். தன் நாவலை இசையைப் போலக் கட்டியிருப்பதாகவும், அதன் உறுப்புகள் ஒன்றையொன்று சுட்டுவதை முழுவதும் அறிந்த பின்னரே முழுமையாக ரசிக்க முடியும் என்றும் அதற்குக் காரணம் காட்டினார்.

நடைமுறையில் இதை இப்படிச் செய்யலாம். ஐந்தாம் அத்தியாயத்தோடு நிறுத்தியவர்களை, அதுவே முதல் தொகுதியின் இயல்பான முடிவு என்பதால், பாதி நாவலின் முழு வாசகர்களாகக் கருதி அடுத்தடுத்த கூடுகைகளுக்கும் அழையுங்கள். அதற்கு முன்பே நிறுத்தியவர்களிடம் ஆறாம் அத்தியாயத்தில் வரும் பனிப்புயல் பகுதியை மட்டும் தனியாக வாசிக்கச் சொல்லலாம். காஸ்டோர்ப் பனிச்சறுக்குக் கட்டைகளோடு தனியே மலையில் வழிதவறும் அந்தப் பகுதி, ஏறக்குறையத் தனிச் சிறுகதையாகவே நிற்கக்கூடியது. அதை வாசித்தபின் பழைய இடத்துக்குத் திரும்பியவர்களை நான் அறிவேன். திரும்பாதவர்களும் குறைந்தபட்சம் மற்றவர்கள் எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பதை அறிந்தார்கள்.

எட்டாம் படி: ஒரு பொருளைப் பின்தொடர்ந்து மீண்டும் வாசித்தல்

நாவல் முடிந்தபின் வரும் கடைசிக் கூடுகைக்கு முழு மறுவாசிப்பு தேவையில்லை. குழு ஒரே ஒரு பொருளைத் தேர்ந்துகொண்டு, அது வரும் இடங்களை மட்டும் தேடி வாசிக்க வேண்டும். கண்ணாடிக் கதவு, வெப்பமானி, எக்ஸ்ரே படம் ஆகிய எதுவும் பொருந்தும். ஆனால் என் பரிந்துரை பென்சில். நான்காம் அத்தியாயத்தில், தனியே நடக்கச் சென்று களைத்துப் படுத்திருக்கும் காஸ்டோர்ப்புக்குப் பள்ளிப்பருவ நினைவு ஒன்று வருகிறது: தூரத்திலிருந்தே நெடுநாள் பார்த்துக்கொண்டிருந்த ஹிப்பே என்னும் மாணவனிடம் ஒரு நாள் துணிந்து பென்சில் இரவல் கேட்டது. முதல் வாசிப்பில் பலர் கோடு போடும் இடம் இது. கதைக்கு இதனால் என்ன என்று கேட்பார்கள். ஐந்தாம் அத்தியாயத்தின் இறுதியில், திருவிழா இரவொன்றில், ஏழு மாதம் பேசத் துணியாத பெண்ணிடம் காஸ்டோர்ப் முதன்முதலாகச் சென்று கேட்பதும் ஒரு பென்சிலைத்தான்.

இந்த இரண்டு பகுதிகளையும் கடைசிக் கூடுகையில் அடுத்தடுத்து உரக்க வாசிக்கச் செய்யுங்கள். முதலாவதை அந்த இடத்தில் வட்டம் போட்டவரும், இரண்டாவதைக் கோடு போட்டவரும் வாசிக்கட்டும். பின்னர் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: முதல் பகுதியைப் பத்து வரியாகச் சுருக்கி, இரண்டுக்கும் இடையிலுள்ள பக்கங்களைப் பாதியாகக் குறைத்திருந்தால், இரண்டாவது பகுதியில் எது குறைந்திருக்கும்? எதுவும் குறைந்திருக்காது என்று சொல்பவர்கள் அதன் பிறகும் இருப்பார்கள். அவர்கள் பக்க எண்ணோடு அதைச் சொன்னால், கூடுகைக் குறிப்பில் அவர்களுடைய கருத்தை மாற்றாமல், மற்றவர்களுடைய கருத்துக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்; அடுத்த நாவலைத் தேர்ந்தெடுக்கும் கூடுகையில் அந்தக் குறிப்பையே முதலில் வாசியுங்கள்.